தோள்வலியோடு இன்னும் எத்தனை நாள்?

கேள்வி: எனக்கு 22 வயது. லீக் ஆட்டங்களில் வேகப்பந்து வீசுகிறேன். எட்டு மாதமாகத் தோள்வலி. ஸ்கேன் பார்த்த டாக்டர், தசைநார் கிழிந்திருக்கிறது, ஆறு மாதம் பந்தைத் தொடக்கூடாது என்கிறார். மாத்திரை போட்டுக்கொண்டு வீசுகிறேன். விக்கெட் விழுவதால் கோச்சுக்குச் சந்தேகம் வரவில்லை. பந்துவீச்சு போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் அமெரிக்க பேஸ்பால் பிட்சர், அதாவது பந்தெறிபவர், ஜோ வுட்தான் நினைவுக்கு வந்தார். பந்தின் வேகத்துக்காக 'ஸ்மோக்கி ஜோ' என்று பெயர் வாங்கியவர். 1912-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக 34 ஆட்டங்களை ஜெயித்தார். தோற்றது ஐந்தே ஐந்து. சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸில் இன்னும் மூன்று வெற்றி. அப்போது அவருக்கும் 22 வயது.

மறுவருடம் ஈரப் புல்லில் வழுக்கி விழுந்தார். எறிகிற கையின் கட்டைவிரல் முறிந்தது. விரல் கூடிவிட்டது, ஆனால் தோளில் வலி வந்து உட்கார்ந்துகொண்டது. விரல் ஆறுவதற்குள் அவசரப்பட்டு எறிந்ததாலா, விழுந்தபோதே தோளுக்கும் அடிபட்டதா என்பது வயதான பிறகும் அவருக்குப் பிடிபடவில்லை.

1915-ஐப் பாருங்கள். அந்த வருடம் அமெரிக்கன் லீகிலேயே குறைவாக ரன் கொடுத்தவர் அவர்தான்: ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.49. ஆனால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பல நாள் கையைத் தூக்க முடியாது. ஸ்கோர் புத்தகத்தில் அதெல்லாம் ஏறுமா? உங்கள் கோச்சும் அந்தப் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

1916 முழுக்க வுட் ஆடவில்லை. வீட்டுப் பரணில் ஊஞ்சல் கம்பி மாதிரி ஒன்றைக் கட்டி, கை நீளட்டும் என்று அதில் மணிக்கணக்காகத் தொங்கினார். அந்தக் காட்சியை நினைத்தாலே எனக்கு மனசு கனத்துப்போகும். பழைய கை திரும்பவேயில்லை. 26 வயதில் பிட்சர் வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது. தோளுக்குள் எது கிழிந்தது என்று பார்த்துச் சொல்ல அன்றைக்கு ஸ்கேன் கிடையாது. உங்களுக்குப் பார்த்துச் சொல்லியாயிற்று.

சரி, வேறு என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே. பழைய நண்பர் டிரிஸ் ஸ்பீக்கர் இருந்த கிளீவ்லாந்து அணிக்கு வுட் போனார். 1918 முதல் அவுட்ஃபீல்டர், பேட்ஸ்மேன். 1920-ல் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்த அணியில் இருந்தார். கடைசி சீசனான 1922-ல் அவர் அடித்து அணிக்கு வந்த ரன் 92. அப்புறம் யேல் பல்கலைக்கழகத்தில் சுமார் இருபது வருடம் பயிற்சியாளர். 95 வயது வரை வாழ்ந்தார்.

உங்கள் பந்துவீச்சு போய்விட்டது என்று டாக்டர் சொல்லவில்லை, ஆறு மாதம்தான் கேட்கிறார். கொடுங்கள். பேட்டிங் பயிற்சி செய்யலாமா, எப்போதிலிருந்து என்று அவரையே கேளுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் கோச்சைத் தனியாகப் பார்த்து வலியைச் சொல்லிவிடுங்கள். மாத்திரை விஷயத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.