நைஜீரியாவின் மூன்று துண்டுகள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நைஜீரியாவில் நீங்கள் ஆசிரியராகப் பணியாற்றிய ஆண்டுகளைப் பற்றிய கட்டுரையை வாசித்தபின் அந்நாட்டின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். மேற்கிலிருந்து நைஜர் ஆறும் கிழக்கிலிருந்து பெனுவே ஆறும் வந்து லோகோஜாவில் கூடி, ஒன்றாகத் தெற்கே கடலை நோக்கிச் செல்கின்றன. வடக்கே ஹௌசா, தென்மேற்கே யொருபா, தென்கிழக்கே இக்போ மக்கள் என்று இயற்கையே அந்நாட்டை மூன்றாகப் பிரித்து வைத்திருப்பதுபோல் தோன்றியது. 1914இல் பிரிட்டிஷார் இவற்றைச் செயற்கையாக ஒட்டியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைக்கிறேன். நாம் 1956இல் செய்ததுபோல மொழிவாரியாகப் பிரித்திருந்தால், கிழக்கு தனிநாடாகப் பிரிய முயன்றதால் மூண்ட பயாஃப்ரா போர் நடந்திருக்காது அல்லவா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

1914ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று பிரிட்டிஷ் ஆளுநர் லுகார்ட் வடக்கு, தெற்கு என்னும் இரு காப்பு நாடுகளை ஒன்றாக்கியது மக்களைக் கேட்டுச் செய்த காரியம் அன்று. வடக்கின் நிர்வாகத்துக்கு வருவாய் போதவில்லை. லண்டன் கருவூலம் மானியம் கொடுத்துவந்தது. தெற்கின் துறைமுகச் சுங்க வரியைக் கொண்டு அந்தப் பள்ளத்தை நிரப்புவதே முதன்மையான நோக்கம். அந்த அளவில் நீங்கள் எழுதியிருப்பது சரி. ஆனால் ஒட்டியது செயற்கை என்று சொல்லிவிட்டு, ஒட்டப்பட்ட துண்டுகளை இயற்கையானவை என்று எடுத்துக்கொள்கிறீர்களே, அங்குதான் என்னால் உடன்பட முடியவில்லை. அந்த மூன்று துண்டுகளும் அதே ஆட்சியின் அலுவலகங்களில் வெட்டப்பட்டவைதாம். 1939இல்தான் தென்மாகாணங்கள் மேற்கு, கிழக்கு என இரண்டாக்கப்பட்டன. 1946இல் ரிச்சர்ட்ஸ் அரசியலமைப்பு மூன்று வட்டாரங்களுக்கும் தனித்தனி மன்றங்களைக் கொடுத்தது. அதன்பின் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பெரிய இனம், அதைச் சார்ந்த ஒரு பெரிய கட்சி என்று அரசியல் இறுகிப்போயிற்று.

வரைபடத்தை மறுபடியும் பாருங்கள். வடக்கு வட்டாரம் ஆறுகளோடு நிற்கவில்லை. நைஜருக்குத் தெற்கே இருக்கும் இலோரின், யொருபா பேசும் ஊர். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சொகோட்டோ கலீபகம் என்னும் வடக்கு இஸ்லாமிய அரசின் கீழ் எமிரகமாக, அதாவது ஓர் எமிர் ஆளும் சிற்றரசாக ஆகிவிட்டதால், பிரிட்டிஷார் அதை வடக்கோடு சேர்த்தார்கள். பெனுவேயின் இரு கரைகளிலும் வாழும் டிவ் மக்கள் கலீபகத்துக்கு என்றுமே அடங்காதவர்கள். அவர்களும் வடக்குக் கணக்கில்தான் வந்தார்கள். இப்படி வளர்ந்த வடக்கு வட்டாரம் நாட்டின் பரப்பில் முக்கால் பங்குக்கும் மேல் ஆயிற்று.

நான் 1978 முதல் நான்கு ஆண்டுகள் பெனுவே மாநிலத்தில் ஒரு பள்ளியில் புவியியல் கற்பித்தேன். ஒரு நாள் பழைய வட்டாரங்களை மூன்று நிறங்களில் தீட்டும்படி வகுப்பில் சொன்னேன். ஒரு டிவ் மாணவன் வடக்குக்குப் பச்சை தீட்டிக்கொண்டே வந்து, பெனுவேக்குச் சற்று மேலே பென்சிலை நிறுத்திவிட்டான். ஆற்றின் இரு புறமும் தாள் வெள்ளையாகவே இருந்தது. முடிக்கவில்லையா என்று கேட்டேன். முடித்துவிட்டேன் ஐயா என்றான். நான் அதற்கு மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவன் விட்டுவைத்த இடத்துக்கு நடுப்பட்டை என்று பெயர் உண்டு என்பதையும், அதற்குத் தனி மாநிலம் கேட்டு ஜோசப் தார்க்காவின் கட்சி ஆண்டுக்கணக்கில் போராடியது என்பதையும், 1960இலும் 1964இலும் டிவ் நாட்டில் கலகம் வெடித்து ராணுவம் வரை இறங்கியது என்பதையும் பிறகுதான் அறிந்தேன். இன்றைக்கும் அந்த வெள்ளைத் தாள் என் மனத்தை உறுத்துகிறது.

நைஜர் எல்லையாக இருப்பதாக நீங்கள் நினைக்கும் தெற்கிலும் நிலைமை இதுதான். கிழக்குக் கரையில் ஒனிட்ஷா, எதிர்க்கரையில் அசாபா. இரண்டிலும் பேசப்படுவது இக்போ. இடையே 1965இல் கட்டி முடிக்கப்பட்ட பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1,400 மீட்டர். 1967 மே மாதம் கிழக்கு வட்டாரம் பயாஃப்ரா என்னும் தனிநாடாக அறிவிக்கப்பட்டபோது ஒனிட்ஷா அதற்குள் இருந்தது, அசாபா வெளியே இருந்தது. அக்டோபரில் பயாஃப்ரா படை பாலத்தைத் தகர்த்துவிட்டுப் பின்வாங்க, கூட்டரசின் படை அசாபாவுக்குள் நுழைந்தது. ஊர் மக்கள் வெண்ணிறக் கைத்தறி ஆடை உடுத்தி, ‘ஒரே நைஜீரியா’ என்று பாடி ஆடி வரவேற்கத் திரண்டு வந்தார்கள். அவர்களில் ஆண்களைத் தனியே பிரித்து நிறுத்திச் சுட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

மொழிவாரிப் பிரிவினைக்கு வருகிறேன். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாட்டில் மொழிக்கொரு மாநிலம் நடவாது. மூன்று பெரிய மொழிகளுக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் அனைவரும் நிரந்தரச் சிறுபான்மையினர். 1957இல் அமைக்கப்பட்ட வில்லிங்க் குழு இந்த அச்சத்தை விரிவாகக் கேட்டறிந்தும் புதிய மாநிலங்கள் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. என் பார்வையில் அது பெரும் பிழை. 1967 மே 27 அன்று ராணுவ ஆட்சித் தலைவர் கவோன் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாக்கினார். சிறுபான்மையினரின் நெடுநாள் கோரிக்கை அதில் நிறைவேறியது. அதே வேளையில் இக்போ மக்களின் மாநிலத்துக்குக் கடலும் போர்ட் ஹார்கோர்ட்டும் இல்லாமல் போயின, எண்ணெய் வயல்களில் பெரும்பாலானவையும் வெளியே நின்றன. மூன்று நாள் கழித்துப் பயாஃப்ரா அறிவிப்பு வந்தது. இன்று மாநிலங்கள் 36. அவற்றில் இக்போ மக்களுக்கு ஐந்து, யொருபா மக்களுக்கு ஆறு என்று கணக்கிடுவார்கள். நாம் சிதறிக்கிடந்த ஒரு மொழியினரை ஒரு மாநிலத்தில் சேர்த்தோம். அவர்களோ பெரிய மொழிகளைப் பல மாநிலங்களாகப் பிரித்து மையத்தைக் காத்துக்கொண்டார்கள்.

ஒருவேளை மொழி எல்லைகள் முன்பே வரையப்பட்டிருந்தாலும் போருக்கு முந்தைய 1966இன் படுகொலைகளைத் தடுத்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அதற்கு ரயில் பாதையைப் பார்க்க வேண்டும். ஒரு பாதை லாகோசிலிருந்து கானோவுக்குப் போகிறது. மற்றொன்று போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து எனுகு, மக்குர்டி வழியாகக் கடூனாவை அடைந்து முதல் பாதையோடு சேர்கிறது. கானோவின் நிலக்கடலையும் ஜோஸ் மேட்டுநிலத்தின் வெள்ளீயமும் எனுகுவின் நிலக்கரியும் துறைமுகத்துக்கு வரவேண்டும் என்பதற்காகப் போட்ட தடங்கள் இவை. லாகோசிலிருந்து கிழக்குக்கு நேர்வழி ரயில் கிடையாது. மிஷன் பள்ளிகளில் படித்த இக்போ இளைஞர்கள் இந்த வண்டிகளில்தான் எழுத்தராகவும் ரயில்வே ஊழியராகவும் அஞ்சலகப் பணியாளராகவும் வணிகராகவும் வடக்கே போனார்கள். எமிரகங்களுக்குள் மிஷன் பள்ளிகளை ஆட்சி பெரும்பாலும் அனுமதிக்காததால் அந்த வேலைகளுக்கு அங்கே ஆள் குறைவு. வந்தவர்களைப் பழைய நகர மதிலுக்கு வெளியே சபோன் காரி, அதாவது புதுக்குடியிருப்பு என்னும் தனிப் பகுதியில் வைத்தார்கள். இரண்டு தலைமுறைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தன. 1966இன் ராணுவப் புரட்சிகளை அடுத்து அந்தக் குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கே தப்பி ஓடினார்கள். எந்த எல்லையை எங்கே போட்டிருந்தாலும் இவர்கள் அதற்கு அப்பால் வாழ்ந்தவர்கள். தாங்களோ தங்கள் தந்தையரோ வேலைக்குப் போன அதே தடத்தில், வெட்டுக்காயங்களோடு, எனுகு ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்கள்.