அப்பாவின் எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, கணையப் புற்றுநோய். இனி கீமோ கொடுத்துப் பலன் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கும்பகோணத்தில் அப்பா வாங்கிய வீடு இருக்கிறது. அவர் பெயரில் 11 லட்சம் எஃப்.டி., அம்மா நாமினி. மில்லில் வேலை பார்த்ததற்கு மாதம் 2,400 ரூபாய் பி.எஃப். பென்ஷன் வருகிறது. எஃப்.டி.யை உடைத்துச் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்கிறார் அண்ணன். "சும்மா விட்டுவிட்டோம் என்று ஊர் பேசும்" என்று அவருக்குப் பயம். அம்மாவுக்கு 66 வயது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அண்ணனையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். "சென்னையில் சேர்த்தால் அப்பா நல்லபடியாக இருக்கும் நாள் கூடுமா, ஐ.சி.யு.வில் கிடக்கும் நாள்தான் கூடுமா?" என்று நேராகக் கேளுங்கள். ஐ.சி.யு. நாள்தான் என்றால் எஃப்.டி.யை உடைக்க வேண்டாம் என்பேன்.

கணக்கைப் பாருங்கள். ஐ.சி.யு.வுக்கு நாளைக்கு 30,000 என்று வைத்தாலும் பத்தே நாளில் 3 லட்சம் போய்விடும். அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்கு வரும் பென்ஷன் பாதிதான், 1,200 ரூபாய். 11 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் மாதம் 6,400 சொச்சம். ஆக, அரிசி, கரண்ட் பில், பிரஷர் மாத்திரை எல்லாம் 7,600 ரூபாய்க்குள். இன்னும் இருபது வருடம் அம்மா வாழ வேண்டிய பணம் அது.

என் மாமனாரை ஒன்பது நாள் ஐ.சி.யு.வில் வைத்திருந்தோம். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விட்டார்கள். வாயில் குழாய், ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டார். பில் கட்ட வைத்த நகையை மீட்க மாமியாருக்கு இரண்டு வருடம் ஆனது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் சும்மா விட்டதாக ஆகாது. அப்பாவுக்கு இப்போது வேண்டியது வலி நிவாரண சிகிச்சை, பாலியேட்டிவ் கேர் என்பார்களே, அது. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை நல்ல மருந்து, விலையும் குறைவு. அதற்கான சட்டக் கெடுபிடியை 2014-இல் தளர்த்தினார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார், கட்டணம் இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதியுங்கள். வீட்டில் சமாளிக்க முடியாத கட்டம் வந்தால் ஹாஸ்பிஸ், அதாவது கடைசிக் கட்ட நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம், இருக்கிறது. அறக்கட்டளைகள் நடத்தும் சில இடங்களில் பணம் வாங்குவதில்லை.

அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் செலவுக்கு நீங்களும் அண்ணனும் சேர்ந்து மாதம் 35,000 ஒதுக்குங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகை, காற்று மெத்தை, டயப்பர், இரவில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அந்த ஆளுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். அம்மா தூங்கியாக வேண்டும். இதற்கெல்லாம் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் வராது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அது ஆஸ்பத்திரியில் சேரும்போதுதான் உதவும்.

இனி அவசரமான வேலை. எஃப்.டி. அப்பா பெயரில் மட்டும் இருக்கிறது. அவர் நினைவு தப்பிவிட்டால், அவருடைய மருந்துக்கே அந்தப் பணத்தை அம்மாவால் எடுக்க முடியாது. நாமினிக்கு உரிமை வருவது இறப்புக்குப் பிறகுதான், அப்போதும் வாரிசுகள் சார்பில் வாங்கி வைப்பவர் என்ற அளவில்தான். அதனால் எஃப்.டி.யில் அம்மாவையும் சேர்த்து, இருவரில் யாரும் எடுக்கலாம் என்று மாற்றுங்கள். முதிர்வுக்கு முன்பே எடுக்கவும் சேர்த்து எழுதி வாங்குங்கள். அப்பாவால் கையெழுத்துப் போட முடியாவிட்டால் சாட்சிகள் முன் கைரேகை போதும். 70 வயது தாண்டியவர்களுக்கு வங்கி ஊழியர் வீட்டுக்கு வரும் ஏற்பாடும் உண்டு, கேளுங்கள்.

வீட்டுக்கு உயில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளும் இரண்டு சாட்சிகளும் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிந்தால் நல்லது. நோயாளி என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வருவார். அம்மா இருக்கும்வரை வீடு அம்மாவுக்கு, அப்புறம் பிள்ளைகளுக்கு என்று இருந்தால் அம்மாவை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது.

வென்டிலேட்டர் வேண்டாம் என்று அப்பா நினைத்தால் அதையும் எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதை அனுமதித்தது. 2023-இல் நடைமுறை எளிதானது: இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும். தனக்காக முடிவெடுக்க வேண்டியவர் யார் என்றும் அதில் குறிப்பிடலாம். அண்ணன் பெயரையே போடலாம். அப்பாவின் கையெழுத்தோடு தாள் இருந்தால் ஊருக்குப் பதில் சொல்லும் பாரம் அண்ணனுக்குக் குறையும்.

உங்கள் கடிதத்தில் அப்பா என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே தெரிந்திருக்கும். இன்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே இருக்க ஆசைப்படுகிறார் என்று கேளுங்கள். அண்ணனும் கூட இருக்கட்டும்.