இன்சுலின் ஊசி போடுபவருக்கு சி-பெப்டைட் சோதனை எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 34. நான்கு வருடம் முன்பு டைப் 2 சர்க்கரை என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடமாக இன்சுலின் ஊசி போடுகிறேன். இப்போது பார்க்கும் டாக்டர் சி-பெப்டைட் சோதனை எடுத்து வரச் சொல்கிறார். நேராக இன்சுலினையே அளந்துவிடக் கூடாதா? சோதனைக்காக ஊசியை நிறுத்த வேண்டுமா?

பதில்: ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. இதன் வசதியே, ஊசி போட்டுக்கொண்டே செய்யலாம் என்பதுதான்.

இன்சுலினை அளந்தால் அது உங்கள் கணையம் சுரந்ததா, ஊசியில் போனதா என்று பிரித்துச் சொல்வது கடினம். தவிர, கணையத்திலிருந்து கிளம்பும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. ஏறக்குறைய பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மிச்சமும் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அதனால் கணையம் எவ்வளவு சுரந்தது என்பதற்குக் கை நரம்பில் எடுக்கும் இரத்தத்தில் உள்ள இன்சுலின் சரியான கணக்கு ஆகாது.

சி-பெப்டைட் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் போக வேண்டும். புரதம் தயாரிக்கும் ரைபோசோம் அங்கே கோக்கத் தொடங்குவது இன்சுலினை அல்ல, 110 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு நீண்ட சங்கிலியை. அதன் முதல் 24 அமினோ அமிலங்களுக்கு ஒரே வேலை: இது செல்லை விட்டு வெளியே போக வேண்டிய புரதம் என்று அடையாளம் காட்டுவது. அந்த நுனி ரைபோசோமிலிருந்து தலைகாட்டியதுமே, கோப்பது பாதியில் இருக்கும்போதே, ரைபோசோமோடு சேர்த்து அதை, வெளியே போகும் புரதங்கள் மடிந்து தயாராகும் எண்டோபிளாச வலையின் சவ்வுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது செல். சங்கிலி வலைக்குள் நுழைந்ததும் அடையாள நுனி வெட்டப்படும். ஒரு புரதம் எங்கே போக வேண்டும் என்பது அந்தப் புரதத்திலேயே எழுதியிருக்கிறது என்று காட்டியதற்குத்தான் குந்தர் பிளோபெலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மிஞ்சும் 86 அமினோ அமிலங்கள் சேர்ந்தது புரோஇன்சுலின். இன்சுலின் என்பது ஏ, பி என்ற இரண்டு சங்கிலிகள் சேர்ந்தது. புரோஇன்சுலினின் ஒரு முனையில் பி சங்கிலி, மறுமுனையில் ஏ சங்கிலி, நடுவே 31 அமினோ அமிலங்கள் கொண்ட சி-பெப்டைட். துணிகளை மிஷினில் தைக்கும் முன் தையற்காரர் கையால் ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்து வைப்பாரே, அந்த வேலைதான் இதற்கு. ஏ, பி இரண்டையும் சரியான நிலையில் வைத்திருந்தால்தான் இன்சுலினைப் பிடித்து வைக்கும் மூன்று கந்தகப் பிணைப்புகளும் இடம் மாறாமல் விழும். 1967-இல் சிகாகோவில் டொனால்ட் ஸ்டைனர் புரோஇன்சுலினைக் கண்டுபிடிக்கும் வரை, இரண்டு சங்கிலிகளும் தனித்தனியாகத் தயாராகிப் பிறகு சேர்கின்றன என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

மடிந்து முடிந்த புரோஇன்சுலின், செல்லுக்குள் புரதங்களைப் பிரித்துப் பொதியும் கோல்கை உறுப்பு வழியாக நுண்பைகளுக்குள் போகிறது. அங்கே நொதிகள் நடுத்துண்டை வெட்டி எடுக்கின்றன. இன்சுலின் துத்தநாகத்தோடு சேர்ந்து படிகமாக உறைந்து காத்திருக்கிறது. ஆனால் வெட்டிய துண்டைச் செல் வெளியே எறிவதில்லை. அதுவும் அதே பைக்குள்தான் கிடக்கிறது. சர்க்கரை ஏறும்போது செல்லுக்குள் கால்சியம் பாய்ந்து, பை செல்சவ்வோடு ஒட்டித் திறக்கிறது. ஒரு இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைட் என்ற கணக்கில் இரண்டும் சேர்ந்தே இரத்தத்துக்கு வருகின்றன. சி-பெப்டைடைக் கல்லீரல் பெரிதாகத் தொடுவதில்லை, இன்சுலினை விட நெடுநேரம் இரத்தத்தில் நிற்கும். மருந்து பாட்டிலில் இருப்பதோ வெறும் இன்சுலின். ஆகவே உங்கள் இரத்தத்தில் தெரியும் சி-பெப்டைட் முழுக்க உங்கள் கணையத்தினுடையது.

சரி, சோதனைக்குப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்? அதே நேரத்தில் இரத்தச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை தாழ்ந்திருந்தால் நல்ல பீட்டா செல்லும் சும்மா இருக்கும், அளவு பொய்யாகக் குறையும். வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சி-பெப்டைடை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம், அது பழுதுபட்டிருந்தால் அளவு கூடுதலாகத் தெரியும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் போங்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், சில கருவிகளின் அளவீட்டை அது குழப்பும்.

உங்களைப் போல ஊசி போடுபவர்களுக்கு மில்லிலிட்டருக்கு 0.6 நானோகிராமுக்குக் கீழே வந்தால் டைப் 1 (உடலே பீட்டா செல்களை அழித்துவிடும் வகை) என்ற சந்தேகம் வலுக்கும், 1.8-க்கு மேல் என்றால் டைப் 2 பக்கம் சாயும். லேப் லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று கொடுத்திருந்தால் இவையே 0.2, 0.6 என்று வரும், அலகைப் பார்த்துப் படியுங்கள். இரண்டுக்கும் நடுவில் வந்தால் இந்த ஒரு சோதனையை வைத்து முடிவு செய்ய முடியாது. உடல் தன் பீட்டா செல்களையே தாக்குகிறதா என்பதற்கான ஜி.ஏ.டி. எதிர்ப்பொருள் சோதனை செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். அளவு மிகக் குறைவாக வந்தால், மாத்திரையே போதும் என்று யார் சொன்னாலும் ஊசியை விட்டுவிடாதீர்கள்.