பதில்: போர் விமான மணிக்கணக்கு ஏன் இடிக்கிறது?

போர் விமானியாக 1,400 சார்ட்டி (ஒருமுறை புறப்பட்டு இறங்குவது ஒரு சார்ட்டி), 1,900 மணி இருந்தும் பயணிகள் விமான நிறுவனத்துக்கான விண்ணப்பத்தில் மணி குறைகிறது என்கிறீர்கள். குறை பறப்பில் இல்லை, கூட்டலில். ராணுவப் பதிவேடு பெரும்பாலும் சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொடும்வரைதான் எண்ணும். சிவில் கணக்கோ விமானம் புறப்பட நகர்ந்ததிலிருந்து கடைசியாக நிற்கும்வரை. தரையில் ஓடும் அந்த டாக்சி நேரத்துக்காகச் சில நிறுவனங்கள் சார்ட்டிக்கு 0.2 அல்லது 0.3 மணி சேர்க்க விடும். 0.2 என்றாலே உங்களுக்கு 280 மணி! ஆனால் மூலப் பதிவேட்டில் கை வைக்காதீர்கள். தனிப் பத்தியில் காட்டுங்கள், கேட்கும் நிறுவனத்தின் விதிப்படி.

கேப்டன் மணியில் தாராளம் வேண்டாம். கட்டுப்பாட்டைப் பிடித்திருந்த நேரமெல்லாம் அதில் வராது. விமானத்துக்குப் பொறுப்பாகக் கையெழுத்திட்ட சார்ட்டிகள் மட்டுமே.

சிமுலேட்டர் தேர்வில் ஒற்றை இருக்கைப் பழக்கம் காலை வாரும்: வாய் திறக்காமல் ஃபிளாப்பை (இறக்கை மடலை) நீங்களே இறக்காதீர்கள், "ஃபிளாப் 5" என்று பக்கத்து விமானியிடம் கேளுங்கள்.