மயக்கவியல் எடுத்தால் பெயர் கிடைக்காதா?

"மகள் ஹவுஸ் சர்ஜன் முடிக்கப் போகிறாள். எம்.டி.க்கு மயக்கவியல்தான் என்கிறாள், அதிலும் குழந்தைகள் பக்கம் போகணுமாம். ஊசி போட்டுத் தூங்கவைக்க இவ்வளவு படிப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள், ஐயா.

தூங்கவைப்பது சுலபம்தான். தூங்கிய பிறகு மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அத்தனை படிப்பும்.

பியர் ராபின் என்றொரு பிறவிக் குறைபாடு. தாடை சிறுத்திருக்கும், நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும், பலருக்கு அண்ணப் பிளவும் இருக்கும். பிளவைத் தைக்க வரும் அந்தக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்ததும் தசை தளர்ந்து அடைப்பு கூடும். மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடுவதற்காக லாரிங்கோஸ்கோப் என்ற தொண்டை பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தாலும் குரல்வளை தென்படாமல் போகலாம். கைக்குழந்தைக்கு ஆக்சிஜன் கையிருப்பும் குறைவு; பெரியவர்களைவிட வெகு சீக்கிரம் நீலம் பாரித்துவிடும். அதனால் பெரும்பாலும் செவோஃப்ளுரேன் என்ற மயக்க வாயுவை முகமூடி வழியாகக் கொடுத்து, குழந்தை தானாக மூச்சு விடும்படியே வைத்திருப்பார்கள். வீடியோ லாரிங்கோஸ்கோப், தொண்டைக்குள் வைக்கும் குரல்வளை முகமூடி, ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப், தேவைப்பட்டால் கழுத்தில் துளையிட ஈ.என்.டி. மருத்துவர் என்று எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கும்.

இந்தக் குழந்தைக்குத் தாடை வளர வளர வேலை லேசாகும். ட்ரீச்சர் காலின்ஸ், ஹர்லர் என்ற வேறு பிறவிக் குறைபாடுகள் உள்ள குழந்தைகளுக்கோ வயது ஏற ஏறக் குழாய் போடுவது கடினமாகும். போன தடவை சுலபமாக முடிந்ததே என்று பழைய கேஸ் ஷீட்டை நம்பிப் போனால் ஆபத்து. டவுன் சிண்ட்ரோம் என்றால் கழுத்தெலும்பு தளர்ந்திருக்கலாம், இஷ்டத்துக்குக் கழுத்தை வளைக்க முடியாது.

சரி, பாதைக்கு வருவோம். நீட் பி.ஜி., 3 ஆண்டு எம்.டி., அப்புறம் உயர்சிறப்புப் படிப்புக்கான நீட் எஸ்.எஸ். தேர்வு எழுதினால் குழந்தைகள் மயக்கவியலில் 3 ஆண்டு டி.எம். அதற்கு இடங்கள் குறைவு. ஃபெலோஷிப் வழியும் உண்டு. டி.எம். பற்றி இப்போதே முடிவு செய்ய வேண்டாம். எம்.டி. இடம் தேர்ந்தெடுக்கும்போது குழந்தைகள் அறுவை சிகிச்சை நிறைய நடக்கும் கல்லூரியாகப் பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியோடு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இணைந்திருப்பது அந்த வகையில் பெரிய வசதி.

நீங்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. தனி கிளினிக், பெயர்ப்பலகை எல்லாம் அநேகமாக இருக்காது. நடுராத்திரி அழைப்பு வரும். நன்றியெல்லாம் சர்ஜனுக்கே போகும். ஆனால் நான் மகளிடம் கேட்பது வேறு: சளியோடு வந்த குழந்தையைப் பார்த்து, "இன்றைக்கு வேண்டாம், தள்ளிப் போடுவோம்" என்று சீனியர் சர்ஜனிடம் சொல்லும் துணிச்சல் அவளுக்கு உண்டா? மயக்கவியல் போஸ்டிங் இன்னும் பாக்கி இருந்தால் அதைக் கையெழுத்துக்காகக் கடத்தாமல், காலையில் முதல் கேஸுக்கு முன்பே தியேட்டருக்குப் போய் ஏற்பாடுகளைக் கூட இருந்து பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பம் அதற்குப் பிறகு போடலாம்.