'கைண்ட் ஆஃப் ப்ளூ': அசல் தட்டா, மறுவெளியீடா?

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் இந்த ஆல்பத்துக்கு 1959 அசல் இசைத்தட்டுதான் ஒலியில் சிறந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒலியை விடுங்கள், முதலில் சுருதியைப் பாருங்கள்.

1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவு நடந்தபோது முதன்மை டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு வேகமாகும், சுருதியும் ஏறும். ஆக, முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் முப்பது வருடத்துக்கு மேல் சற்றே ஏறிய சுருதியில்தான் விற்றன! கூடவே ஓடிய இன்னொரு டேப்பை வைத்து 1992இல்தான் இதைத் திருத்தினார்கள். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22 பதிவு, அதில் இந்தக் கோளாறு இல்லை.

உங்கள் தட்டைச் சோதிக்க, டர்ன்டேபிள் (தட்டைச் சுழற்றும் கருவி) வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதல் உருப்படியான 'சோ வாட்'டின் மெட்டு தொடங்கும்போது கீபோர்டில் 'டி' (D) ஸ்வரத்தை அழுத்துங்கள். ஒட்டாமல் உறுத்தினால், திருத்தாத பழைய டேப்பிலிருந்து வந்த தட்டு.

அப்புறம், இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக வையுங்கள். சத்தம் கூடின பதிப்பு எப்போதும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன். கேட்பதற்கு என்றால் திருத்திய பதிப்பையே வாங்குவேன். அசல் தட்டு, சரி, அலமாரிக்கு அழகு.