தார் மாற்றுவது யார்? – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

ஈரோடு பக்கம் தறியும் நூல் சுற்றும் மெஷினும் விற்கிற ஒரு கடைக்குக் குறிப்பேடுகளைத் தமிழாக்கித் தருகிறேன். மூலத்தில் பவர், மெக்கனைஸ்டு, செமி ஆட்டோமேட்டிக், ஆட்டோமேட்டிக் என்று விதவிதமாக வரும். எல்லாவற்றுக்கும் 'இயந்திர' என்றோ 'தானியங்கி' என்றோ போட்டுவந்தேன். போன வாரம் ஒரு பட்டறைக்காரர் போனில் கூப்பிட்டு, "தானியங்கின்னு போட்டிருக்கீங்களேம்மா, அப்போ தார் மாத்துறது யாரு?" என்றார். குறுக்கு நூல் சுற்றிய குச்சியைத்தான் தார் என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. இவற்றைப் பிரித்துச் சொல்லத் தமிழில் வழி உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

வழி உண்டு, அதை அந்தப் பட்டறைக்காரரே உங்களுக்குச் சொல்லிவிட்டார்.

குமாரபாளையத்தில் எங்கள் உறவினர் ஒருவர் பட்டறையில் சின்ன வயதில் மணிக்கணக்காக நின்று பார்த்திருக்கிறேன். நாலு தறிக்கு ஒரு ஆள். குறுக்கு நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகும் நாடாவுக்குள் தார் தீர்ந்ததும் ஒரு தறி மட்டும் நிற்கும், அந்த இரைச்சலிலும் அது நின்றது அவருக்கு முதுகுப்பக்கமாகவே தெரிந்துவிடும். திரும்பி வந்து நாடாவை எடுத்து, காலித் தாரை உருவிவிட்டு புதுத் தாரைச் செருகி, நூல் நுனியை நாடாக் கண் வழியாக வாயால் உறிஞ்சி வெளியே இழுத்து, மறுபடி தறியை ஓட்டுவார். பத்து விநாடிகூட ஆகாது. ஆனால் பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஒரு இழை அறுந்தால் தறி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவர் கண்ணில் படாவிட்டால் துணியில் முழம் முழமாகக் கோடு விழுந்துவிடும், அதற்குக் கூலியில் பிடிப்பார்கள்.

இதுதான் விசைத்தறி. தள்ளுவது மோட்டார், பார்த்துக்கொள்வது மனிதர். கைத்தறியில் இரண்டுமே மனிதர்தான். 'விசைத்தறி' என்று பெயர் வைத்தவர் யாரோ, மிகச் சரியாக வைத்திருக்கிறார், விசை எங்கிருந்து வருகிறது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் உரிமை கொண்டாடவில்லை.

பார்த்துக்கொள்ளும் வேலையையும் தறியிடம் கொடுப்பது அதற்கு அடுத்த படி. விசைத்தறிக்குக் கார்ட்ரைட் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1785-ல். தார் தீர்ந்தால் தானே புதுத் தாரை மாற்றிக்கொள்ளும் நார்த்ரப் தறி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1890-களில். இடையில் நூறு வருஷத்துக்கு மேல். இந்த நூறு வருஷ வித்தியாசத்தைத்தான் உங்கள் குறிப்பேட்டில் ஒரே சொல் விழுங்கிவிடுகிறது.

ஜப்பானில் சாகிச்சி டொயோடா 1924-ல் கொண்டுவந்த தறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடாவை மாற்றிக்கொள்ளும், நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அந்தத் தறியின் வழியில் வந்த டொயோட்டா கார் கம்பெனி, 'தானாக இயங்குவது' என்பதற்கான ஜப்பானியச் சொல்லில், அசைவைக் குறிக்கும் எழுத்தின் பக்கத்தில் 'மனிதர்' என்ற குறியையும் சேர்த்து எழுதுகிறது. உச்சரிப்பு மாறாது, எழுத்தில் மட்டும் ஒரு ஆள் வந்து நிற்கிறார். கவனிக்கிற மனித புத்தி அந்த மெஷினுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

நம்மிடம் 'இயந்திரம்' என்ற சொல் இதற்கெல்லாம் உதவாது. ஐங்குறுநூற்றில் கரும்பின் எந்திரம் யானைக்கு எதிராகப் பிளிறுகிறது. ஆலைதான் அது, மாடோ ஆளோ சுற்றியிருக்க வேண்டும். கருவி என்பதைத் தவிர, எதனால் ஓடுகிறது என்பதை அந்தச் சொல் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்வதில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் 'வளைவிற்பொறி' வருகிறது. தானாக வளைந்து அம்பு எய்யும் வில் என்று உரைகாரர்கள் விளக்கம் தருகிறார்கள். அந்த 'தானாக' என்பதை ஒரு வினையோடு சேர்த்துச் சொல்கிறார்கள் பாருங்கள், நமக்கு வேண்டியது அதுதான்.

'தானியங்கி' நல்ல சொல்தான், இலங்கையில் எழுதுகிற 'தன்னியக்க' என்பதும் நல்ல சொல்தான். எது தானாக நடக்கிறது என்பதை மட்டும் இரண்டும் சொல்வதில்லை. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு வரும் வண்டிகளைப் பத்திரிகைகள் 'ஓட்டுநர் இல்லா ரயில்' என்று எழுதுகின்றன, யார் இல்லை என்று உடனே தெரிந்துவிடுகிறது. உங்கள் தொழிலிலேயே 'நாடா இல்லாத் தறி' இருக்கிறதே.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். மோட்டார் இருந்தாலே 'விசை' என்று முன்னால் ஒட்டிவிடக் கூடாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை என்றால் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வெளியே மோட்டார் மாட்டிய ஃபைபர் படகு கடலுக்குப் போகும், ஏனென்றால் அது நாட்டுப்படகுக் கணக்கு. தறியிலும் அப்படித்தான், 1985-ஆம் வருஷச் சட்டப்படி சில துணி ரகங்கள் கைத்தறிக்கு மட்டுமே உரியவை, விசைத்தறியில் நெய்தால் குற்றம். இந்த மாதிரி இடங்களில் சொல் ஏற்கெனவே சட்டத்தின் கையில் இருக்கிறது, நம் இஷ்டத்துக்கு வளைக்க முடியாது.

சரி, உங்கள் குறிப்பேட்டுக்கு வருவோம். 'பவர்' என்று வரும் இடத்தில் விசை, கரண்டில் ஓடுவது என்று தனியாகச் சொல்ல வேண்டுமானால் மின். 'ஆட்டோமேட்டிக்' என்று வந்தால் எந்த வேலை என்று மூலத்தில் தேடிப்பிடித்து 'தானே' போட்டு எழுதுங்கள்: தானே தார் மாற்றும், தானே நிற்கும். 'செமி ஆட்டோமேட்டிக்' வந்தால் 'அரைத் தானியங்கி' என்று எழுதிவிடாதீர்கள், எந்த அரை என்று அவர் மறுபடி போன் செய்வார். "பாவு அறுந்தால் தறி தானே நிற்கும். தாரைக் கையால் மாற்ற வேண்டும்." இப்படி இரண்டு வரி எழுதி, அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பட்டறைக்காரருக்கே ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.